நான்கு விநாடி

முப்பத்தெட்டு விநாடியில் முடிய வேண்டிய ஓட்டம் நாற்பத்திரண்டில் முடிந்தது.

அவள் மறுபடி ஓட்டிப் பார்த்தாள். திரைக்குள், கீழே பட்டறையில் இருக்கும் ரோபோவின் அச்சு அசலான நகல் கையை நீட்டியது, வளைந்தது, தன்னைச் சுற்றியிருக்கும் கூண்டின் கம்பிவேலி ஓரத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில் நான்கு விநாடி நின்றுவிட்டுப் பிறகு நகர்ந்தது. நிற்கச் சொல்லிப் புரோகிராமில் ஒரு வரிகூட இல்லை.

ஞாயிறு பிற்பகல். ஆளில்லாத ஆபீசில் ஏசியின் முனகல், ஆறிப்போன காபியின் வாடை, கண்ணாடிச் சுவருக்குக் கீழே விளக்கணைந்து கிடந்த பட்டறையிலிருந்து ஏறிவரும் கிரீஸ் நெடி.

அந்த நான்கு விநாடியை அவளுக்குத் தெரியும். வேலி ஓரம் ஆள் நிற்கக்கூடும், கை அங்கே நின்றுதான் போக வேண்டும் என்று முதலில் எழுதியவள் அவள்தான். வேகம் போதாது என்று மேனேஜர் முகம் சுளித்ததும் அவளே அழித்தாள். மூன்றாம் வாரம், ரோபோ கை அங்கே நின்றிருந்த வெல்டர் ஒருவரை வேலியோடு வைத்து நசுக்கியது. 'கவனக்குறைவு' என்று செத்தவர் தலையிலேயே பழியைப் போட்டது விசாரணை. அவள் வாயைத் திறக்கவில்லை. "அவரு அவசரப்படுற ஆளே இல்லம்மா" என்று அவர் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோதும்.

பட்டறை எலக்ட்ரீஷியனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, கீழ ரோபோ ஓடுதா?"

"பட்டறை மெயினையே இறக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேனே. கூண்டுச் சாவி என் பாக்கெட்டுல. கொசு உள்ள போகணும்னாகூட என்னைத்தான் கேக்கணும்." சிரித்தார். "ஏம்மா?"

"அந்த வெல்டர் விஷயத்துல... நான்தான்ணே..."

"நீதான், என்ன?"

"ஒண்ணுமில்லண்ணே."

வைத்துவிட்டாள். திரையில் நகல் ரோபோ அவள் தொடாமலே ஓடிக்கொண்டிருந்தது. வேலி ஓரம் நின்றது. இந்த முறை நகரவில்லை.

கீழே ஏதோ கிரீச்சிட்டது.

பார்க்காதே. எழுந்தாள். நெற்றி கண்ணாடியில் பட்டது. சில்லென்றது.

மின்சாரமில்லாத ரோபோ கை நீட்டி நின்றது. கைக்கும் வேலிக்கும் நடுவே வெறும் காற்று.

வேலியின் கம்பிவலை மெல்ல வெளிப்பக்கம் புடைத்தது. இரண்டு தோள். முதுகு. பின்னந்தலை.

அந்த உருண்டை திரும்பியது. வலையில் மூக்கு எழும்பியது. மேலே, அவளைப் பார்த்து, வாய் திறந்தது.