டிரம் பலகை பதித்த அறை

மாதனூரைத் தாண்டி உள்ளே திரும்பும் மண் பாதையின் கடைசியில் இருந்தது கனகராஜின் வீடு. நித்யஸ்ரீ ஸ்கூட்டியை வேப்பமரத்தடியில் நிறுத்தியபோது பகல் பதினொன்றரை. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து நிலத்தில் யாரோ மோட்டார் போட்டிருந்தார்கள். பயப்படுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

ஆனாலும் அவள் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இந்த வீட்டுக் கம்ப்யூட்டரைப் பழுது பார்க்க அவள் வேலை செய்யும் கடையிலிருந்து செல்வகுமார் வந்திருந்தான். மூடியைக் கழற்றிக் கையை விட்டவன் மூன்று விரல் நசுங்கித் திரும்பினான். உள்ளே இருப்பதோ உள்ளங்கை அகல விசிறி. "எந்த மெஷின்ல கை குடுத்த?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். அந்த விரல்கள் இனி ஸ்குரூ டிரைவர் பிடிக்காது. நித்யஸ்ரீக்கும் சோறு போடுவது பத்து விரல்கள்தான்.

"பயமா இருந்தா திரும்பிடும்மா" என்று போனில் சொன்னார் கடைக்காரர் தௌசீப் அகமது.

"திரும்பிட்டா வேற யாரு போவாங்க பாய்? நீங்களா?"

"எனக்கு முட்டி வலிம்மா."

கனகராஜுக்கு அறுபது வயதிருக்கும். சலவைச் சட்டை, கையில் வெற்றிலைச் சுருள். அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"தௌசீப்புக்கு வேற ஆளே கெடைக்கலையா? பொம்பளப் புள்ளைய அனுப்பிகீறான்."

"கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாதுங்க சார். இன்னா பண்ணுது?"

"படம் நல்லா ஓடிக்கினே இருக்கும். பட்டுனு அணைஞ்சு தானா எழுந்துக்கும். நேரங்காலமே இல்ல. ஒரே பேஜாரு."

சினிமா அறை வீட்டின் பின்கட்டில் இருந்தது. ஜன்னல் இல்லை. சுவர், கூரை, கதவு எல்லாவற்றிலும் தடித்த கருப்புப் பலகை பதித்திருந்தார்கள். எதிர்ச்சுவர் முழுக்கத் திரை. அதன் கீழே அலமாரியில் கம்ப்யூட்டர். ஏசி ஓடியும் ஒரு வாடை போகவில்லை. சுண்ணாம்பும் ஈரத்தோலும் கலந்த வாடை. நித்யஸ்ரீ இரண்டு வருடம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் வேலை பார்த்தவள். மூக்கு உடனே கண்டுபிடித்துவிட்டது.

அவள் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கம்ப்யூட்டரின் குறிப்பேட்டில், சொல்லாமல் கொள்ளாமல் மின்சாரம் நின்றது என்று மட்டும் நூறு தடவை பதிந்திருந்தது. சூடு சரியாக இருந்தது. மெமரியை மாற்றினாள். பவர் சப்ளையை மாற்றினாள். ஹாலுக்குத் தூக்கிப்போய் ஓட்டினாள். ஒரு மணி நேரம் அசையாமல் ஓடியது. திரும்ப அறைக்குள் வைத்து, தனியாக உட்கார்ந்து பார்த்தாள். அப்போதும் ஓடியது.

"ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே கனகராஜ் உள்ளே கால் வைத்தார்.

அணைந்தது.

அவர் வெளியே போனதும் எழுந்து ஓடியது. ஏதோ சாக்குச் சொல்லி அவரை மறுபடி கூப்பிட்டாள். அணைந்தது. தண்ணீர் கேட்டாள். சொம்போடு அவர் வாசலைத் தாண்டினார்.

அணைந்தது.

எல்லாவற்றையும் மாற்றியாகிவிட்டது. மாற்றாமல் மிச்சம் இருந்தது அந்த ஆள் ஒருவர்தான்.

"சார், இந்தப் பலகை ஏது?"

"நம்ம டேனரி டிரம்மு. தோல் ஊற வச்சு சுத்துவமே, அது. டேனரிய மூடினப்புறம் பிரிச்சு இங்க அடிச்சேன். சத்தம் கும்முனு வரும்."

செல்வகுமாரின் நசுங்கிய விரல்கள் அவள் நினைவுக்கு வந்தன. "அந்த டிரம்ல யாராச்சும் செத்தாங்களா?"

வெற்றிலை மெல்லுவது நின்றது. பிறகு, மழை வந்தது போனது என்பது போலச் சொன்னார்.

"ராமமூர்த்தின்னு ஒருத்தன். தோலு முடிச்சுப் போட்டுக்கிச்சுன்னு பிரிக்க உள்ள எறங்கினான். ஃபியூஸ் கட்டைய மடியிலதான் கட்டிக்கினு போனான்."

அது எல்லா டேனரியிலும் உள்ள வழக்கம். டிரம்முக்குள் இறங்குகிறவன் கட்டையைப் பிடுங்கித் தன் மடியில் கட்டிக்கொள்வான். அவன் வெளியே வந்து கட்டையைப் போடும்வரை டிரம் சுற்றாது.

"அப்புறம் எப்படிங்க சுத்துச்சு?"

"என்கிட்ட வேற கட்டை இருந்துச்சு. டிரம்மு நின்னா தோல்ல கறை புடிச்சிடும்மா. உள்ள இருக்கான்னு யாரு கண்டா? தொம்மு தொம்முனு கேட்டுச்சு. தோலு புரளுதுன்னு நெனச்சேன்."

"கத்தலையா?"

கனகராஜ் சொம்பைக் கீழே வைத்தார். "பதினோரு நிமிஷம் ஓட்டினேன்" என்றார்.

நித்யஸ்ரீ டார்ச்சை எடுத்துக்கொண்டாள். "சார், இத கழட்டி ஹால்ல மாட்டித் தரேன். அதுவரைக்கும் நீங்க உள்ள வராதீங்க."

அறைக்கு வெளியே சுவரில், டேனரியிலிருந்து கொண்டுவந்த பழைய பீங்கான் ஃபியூஸ் இருந்தது. அந்தக் கட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு, அலமாரியின் பின்னால் இரண்டு கையையும் விட்டுக் கம்பிகளைக் கழற்றத் தொடங்கினாள்.

வெளியே சிரிப்புச் சத்தம் கேட்டது.

"பாரேன், கட்டைய எடுத்து வச்சுக்கினா. என் வீட்லயே என்கிட்டயே."

"சார், வேணாம். கை உள்ள இருக்கு."

"இருக்கட்டும். என்கிட்ட வேற கட்டை இருக்கு. ஓடுதான்னு பாக்கறேன்."

டக்.

விசிறி உறுமியது. அலமாரி அவள் முழங்கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கியது. கையை உருவினாள். தோல் அங்கேயே தங்கிவிட்டது. தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கூரைப் பலகை கீழே வர, அவள் தவழ்ந்து, உருண்டு, வாசலுக்கு வெளியே விழுந்தாள்.

கனகராஜ் அவள் ரத்தத்தைப் பார்க்கவில்லை. திரையில் படம் ஓடுவதைப் பார்த்தார்.

"ஓடுதே" என்று உள்ளே போனார்.

கதவு சாத்திக்கொண்டது.

முதலில் மரம் முனகியது. பிறகு அறை மெல்லச் சுற்றத் தொடங்கிய சத்தம். கனமான ஏதோ மேலே போய், கீழே விழுந்தது.

தொம்.

"கட்டைய எடு..."

தொம்.

"அம்மாடி, கட்டைய எடும்மா..."

ஃபியூஸ் அவள் தலைக்கு நேரே இருந்தது. எழுந்து நின்று கையை நீட்டினாள். பீங்கான் விரலில் பட்டது. இழுத்தால் போதும்.

யாரோ கையைப் பிடித்துக்கொண்டார்கள் என்று பிறகு போலீசிடம் சொன்னாள்.

யாரும் பிடிக்கவில்லை.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான்காவது நிமிடத்தில் அந்தக் குரலில் வார்த்தை போய்விட்டது. ஏழாவதில் குரலும் போய்விட்டது. எலும்பு முறிவது கரும்பு ஒடிக்கும் சத்தம்போல இருந்தது. கதவின் அடியிலிருந்து ரத்தம் கசிந்து அவள் செருப்பைத் தொட்டது. பதினோராவது நிமிடம் கட்டையைப் பிடுங்கினாள்.

கதவு தானாகத் திறந்தது. அறை அசையாமல் இருந்தது. கம்ப்யூட்டர் தன் இடத்தில் இருந்தது. சுவர், கூரை, திரை எங்கும் கனகராஜ் இருந்தார். நடுவில் கிடந்ததைச் சட்டையை வைத்துத்தான் அடையாளம் சொல்ல முடிந்தது.

கூரைப் பலகை பெயர்ந்து விழுந்த விபத்து என்று போலீசில் எழுதினார்கள்.

ஒன்பது நாள் கழித்து, கைக்கட்டோடு கடைக்குப் போனாள். தௌசீப் பாய் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. வலி கம்மியாச்சா?"

அவள் வாசற்படியில் கால் வைத்தாள். கம்ப்யூட்டர் அணைந்தது.

"காலைலேர்ந்து நல்லாத்தானே ஓடிச்சு" என்றார் பாய். அவள் தெருவில் இறங்கி நின்றாள். அவர் மெமரியைத் துடைத்துப் போட்டார். ஓடியது. அவள் மறுபடி கால் வைத்தாள்.

அணைந்தது.

"பவர் சப்ளையாத்தான் இருக்கும். மாத்திப் பாக்கலாம்."

"மாத்தாதீங்க பாய்."

பாய் அவள் முகத்தைப் பார்த்தார். மெதுவாகக் குனிந்து பிளக்கைப் பிடுங்கித் தரையில் போட்டார். தெருவில் கம்பெனி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

நித்யஸ்ரீ காலை மெல்லப் பின்னால் இழுத்தாள்.

விசிறி சுற்றத் தொடங்கியது. அந்தச் சின்னப் பெட்டிக்குள், ஈரமாக, கனமாக, ஏதோ மேலே ஏறிக்கொண்டிருந்தது.