துலக்கிய குவளை

நெஸ்டோர் லிகாயாவுக்குத் தர வேண்டியது ஆயிரத்து நானூற்று முப்பது பேசோ. அரை மணி நேரத்துக்கு முன்னால், இப்படி ஒருத்தி பூமியில் இருப்பதே அவனுக்குத் தெரியாது...

மழைக்கு ஒதுங்கினான், அவ்வளவுதான். மே மாதத்து முதல் ஞாயிறு. மலைச்சாலையில் சரிந்த மண்ணை அள்ளிப் போட்டுவிட்டு பாகியோ நகருக்குள் வந்தவன், கூரை போட்ட கூடைப்பந்துத் திடலுக்குள் ஓடினான். உள்ளே மாதம் ஒருமுறை கூடும் போர்க்காலச் சாமான் சந்தை. மேசை மேசையாகத் துருப்பிடித்த தலைக்கவசம், தோட்டாப் பெட்டி, கிழிந்த கொடி, பித்தளைப் பொத்தான்...

ஒரு மேசையில் ஆளில்லை. அதன் மேல் ஒரு சிப்பாயின் அலுமினியக் குவளை. கரியும் அழுக்கும் ஏறிக் கன்னங்கரேலென்று கிடந்தது. ஐயோ பாவம், இதை யார் வாங்குவார்கள்? சாலை வேலைக் கூடாரத்தில் பன்னிரண்டு பேர் சாப்பிட்ட பாத்திரத்தைத் துலக்கிப் பழகிய கை அது... சும்மா இருக்குமா? திடலின் ஓரத்தில் ஈர மணல். கஞ்சிக்காரியின் அடுப்பில் சாம்பல். கால் மணி நேரத்தில் குவளை பளபளவென்று சிரித்தது.

"ஐயையோ... குயா! என்ன பண்ணித் தொலச்சீங்க?"

திரும்பினான். இரண்டு கண்கள்... மழை நனைத்த காப்பிக்கொட்டை மாதிரி கறுத்து, மின்னி, கோபத்தில் கொதித்துக்கொண்டு. 'குயா', அதாவது அண்ணன் என்று கூப்பிட்டே இப்படித் திட்ட முடியுமா என்று அவனுக்கு ஆச்சரியம்.

"அழுக்கா இருந்துச்சு... துலக்கி வச்சேன்."

"அழுக்கா? அந்தக் கரிதான் குயா அதோட வயசு! எண்பது வருஷக் கரி! ரெண்டாயிரத்து அறுநூறு விலை போட்டிருந்தேன். பளபளன்னு ஆக்கினத எந்தச் சேகரிப்புக்காரன் தொடுவான்? ஆயிரத்து நூத்தி எழுபது குடுத்தா அதிகம்."

"அப்போ மிச்சம் என் கடன்."

சண்டை போடுவான், நழுவிப் போய்விடுவான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவனோ சட்டைப்பையைத் தடவிக்கொண்டு நின்றான். பையில் இருந்தது பஸ் காசு மட்டும்.

"மாசா மாசம் கொண்டாந்து குடுத்துடறேன். எழுதிக்குங்க. நெஸ்டோர்."

லிகாயா கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்ததா, இல்லையா? பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அவன் அதையே யோசித்தான்.

ஜூனில் முந்நூறு கொடுத்தான். "நெசமாவே வந்துட்டீங்களே குயா!" என்றாள். ஜூலையில் நானூறு. அன்றைக்கு அவள் இஞ்சிக் கஞ்சி வாங்கிக் கொடுத்தாள். தலைக்கவசத்தின் உட்பட்டையை எப்படிப் பார்ப்பது, போலித் துருவை எப்படி முகர்ந்து கண்டுபிடிப்பது என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தாள்.

"இத மோந்து பாரு நெஸ்டோர்."

"வினிகர் வாடை அடிக்குது."

"அதேதான்! போன வாரம் பொறந்த துரு!"

குயா எங்கே போயிற்று? அவன் கேட்கவில்லை. கேட்டால் அது திரும்பி வந்துவிடுமோ என்று பயம்.

சொல்லிவிடலாமா... முடியாது. கடன்காரன் ஒரு பெண்ணிடம் ஆசையைச் சொன்னால், கடனைக் கழிக்கத்தான் சொல்கிறான் என்று ஊர் நினைக்கும். அவளும் நினைப்பாள். கடைசிப் பேசோ வரைக்கும் கட்டுவேன், அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பேன். முடிவெடுத்துவிட்டான். கருவாடும் சோறுமாகவே நாளைத் தள்ளினான். ஆகஸ்டில் முந்நூறு. செப்டம்பரில் மொத்தமாக நானூற்று முப்பதை நீட்டினான்.

நானூற்றை எடுத்துக்கொண்டு, மீதியை அவள் திருப்பித் தள்ளினாள்.

"இந்த இருபது பேசோ நோட்டு ஈரமா இருக்கு. வேணாம்."

"மழை பெய்யுது, ஈரமாத்தான் இருக்கும்! பத்து பேசோ காசுமா ஈரம்?"

"அதுவும்தான். முப்பதையும் அடுத்த மாசம் குடு."

இன்னும் ஒரு மாதம்... அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்டோபரில் காய்ந்த நோட்டும் காசுமாக வந்தான். அவளுடைய மேசை முன்னால் ஒரு வெள்ளைத்தலைக்காரர் நின்றிருந்தார்.

"அந்தக் குவளைய எங்க வீட்டுக் கூடத்துல வச்சிருக்கோம்மா," என்றார் அவர். "அடியில 'பகலிலாவன்'னு எங்க அப்பா தன் பேர ஆணியால கீறின எழுத்து... கரி மூடியே கிடந்திருந்தா எங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? அதுக்கு நான் குடுத்த ஆறாயிரம் பெரிசே இல்ல. தேய்ச்ச புண்ணியவான் யாருன்னு ஜூலைலயே கேட்டேன், நீ சொல்லவே மாட்டேங்கிற!"

லிகாயாவின் முகம் வெளுத்துப் போனது. நெஸ்டோர் அவளையே பார்த்தான். பெரியவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

"ஜூலையில வித்துருச்சா?"

"ம்."

"ஆறாயிரத்துக்கா?"

"ம்..."

"அப்போ எனக்குக் கடனே இல்ல. தெரிஞ்சும் வாங்கியிருக்க. பட்டிக்காட்டான், வேடிக்கை காட்டலாம்னு நெனச்சியா?"

அவள் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய தோட்டாப் பெட்டியை எடுத்துத் திறந்து வைத்தாள். உள்ளே அவன் கொடுத்த நோட்டுகள்... ஒன்றுகூடக் குறையாமல்.

"ஆயிரத்து நானூறு இருக்கு. எடுத்துட்டுப் போ. மொதல் மாசமே நெனச்சேன், கடன் தீந்தா இந்த ஆளு வரமாட்டான்னு... பயம். சொல்லியிருந்தா வந்திருப்பியா நீ?"

அவன் திடலின் விளிம்பு வரை போய்விட்டான். வெளியே மழை கொட்டியது. போகிறான், போயே விடுவான்... அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

காலடி திரும்பி வந்தது.

"மூணு மாசம்!" அவன் கத்தினான். பக்கத்து மேசைக்காரர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். "கடன் முடிஞ்சாத்தான் சொல்லணும்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். ஜூலையிலயே சொல்லியிருக்கலாமே! மூணு மாசத்தத் தின்னுட்டியே, பாவி!"

"என்ன... என்ன சொல்லியிருக்கலாம்?"

"உன்னைப் பிடிச்சிருக்குன்னு! இந்தச் சந்தை இல்லாட்டியும், கடன் இல்லாட்டியும், மழை இல்லாட்டியும் வருவேன்னு! போதுமா?"

காப்பிக்கொட்டைக் கண்கள் இரண்டும் நிரம்பித் ததும்பின. "போதாது... இன்னொரு தடவை சொல்லு. மெதுவா."

சொன்னான். இந்தத் தடவை அவளுக்கு மட்டும் கேட்டது.

அப்புறம் பிடிவாதமாக, இருபது பேசோ நோட்டையும் பத்து பேசோ காசையும் மேசையில் வைத்தான். "வாங்கிக்க. பாக்கின்னு எதுவும் இருக்கக்கூடாது."

அவள் அதைத் தொடவில்லை. கணக்கு நோட்டைப் புரட்டி, அவன் பெயருக்கு நேரே நின்ற முப்பதைப் பேனாவால் அடித்தாள்.

பெயரை அடிக்கவில்லை.