குண்டு அணில் குதிக்கவில்லை

ஜூலை 8, செவ்வாய்.

இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். "கோபி கீபோர்டை ஓங்கித் தட்டுவானா?" என்று ஆக்னஸ் மிஸ் கேட்டார். "ஆமாம் மிஸ்" என்றேன். உண்மைதான். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டாமோ?

எழுதிவிட்டுக் கோமளா பேனா மூடியைக் கடித்தாள். 'சின்ன' என்ற சொல்லை அடித்தாள். யோசித்துவிட்டு மறுபடி எழுதினாள். எதையும் ஒரே தடவையில் நம்புகிற ஆள் இல்லை அவள். வீட்டைப் பூட்டினால்கூடப் பூட்டை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படி இறங்குவாள்.

சேக்காட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில்தான் அவளுடைய மாலை நேரக் கம்ப்யூட்டர் வகுப்பு. தமிழ் டைப்பிங்கைச் சீக்கிரம் முடிப்பவர்கள், ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் 'குண்டு அணில்' விளையாடலாம். இணையத்தில் திறந்தால் போதும், உடனே ஓடும். அந்தக் காலத்து ஆட்டம். எல்லாமே கட்டம் கட்டமாக இருக்கும். காக்கைப் படை ஒன்று அணிலின் வேர்க்கடலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு பறக்கும். சிவப்புத் துண்டு கட்டிய குண்டு அணில் கூரைக்குக் கூரை தாவி, கடலையை வீசி, காக்கைகளை விரட்டும். அம்புக்குறிகளை அமுக்கினால் ஓடும். Z அமுக்கினால் தாவும். X அமுக்கினால் வீசும்.

அதில் கோபிதான் ராஜா. ஆனால் இன்று அவன் அணில் ஓடியதே தவிர, தாவவே இல்லை.

"தாவு மாமே! தாவுடா!" என்று கோபி கத்தினான். டம் டம்மென்று தட்டினான். அணில் கூரையிலிருந்து பொத்தென்று விழுந்தது. மறுபடி விழுந்தது. ஆட்டம் முடிந்து, பெயர் கேட்டது. GOP என்று அடித்தான். பெட்டியில் 'எடண' என்று வந்தது.

"எடணாவா? யார்ரா அது எடணா?" என்றான் பக்கத்து நாற்காலி ஜஸ்டின். வகுப்பே சிரித்தது. கோமளாவும் சிரித்தாள்.

சத்தம் கேட்டு மிஸ் வந்தார். அணிலைத் தாவ வைக்க அவரும் அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை. அப்போதுதான் கோமளாவிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"தட்டித் தட்டி உடைச்சிட்டியா? இனிமே இங்க கேம் கிடையாது. நாளைக்கு உங்க அப்பாவக் கூட்டிட்டு வா."

கோபியின் முகம் சுருங்கிப்போனது. "மிஸ், வேணாம் மிஸ். இன்னொரு தபா கம்ப்ளெயின்ட் வந்தா கிளாஸை நிறுத்திடுவேன்னு நைனா சொல்லிக்கீறாரு."

மிஸ் திரையை மட்டும் அணைத்து, துணியால் கம்ப்யூட்டரை மூடிவிட்டார்.

கோமளா இதையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தாள். 'எடண' என்ற இடத்தில் பேனா நின்றது.

எ, ட, ண. அவளுடைய விரல்கள் மேசையில் தாமாகவே நடந்தன. தமிழ் டைப்பிங்கில் G-யைத் தொட்டால் 'எ'. O என்றால் 'ட'. P என்றால் 'ண'.

கீபோர்டு உடையவில்லை! அது தமிழில் இருக்கிறது!

தமிழில் Z என்றால் 'ஔ'. X என்றால் 'ஓ'. தாவு, வீசு என்று சொல்லாமல், பாவம் கோபி, அந்த அணிலைப் பார்த்து 'ஔ, ஔ! ஓ, ஓ!' என்று கத்திக்கொண்டே இருந்திருக்கிறான்.

கோமளாவுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே நின்றுவிட்டது. கோபிக்கு முன்னால் அங்கே உட்கார்ந்து தமிழ் டைப் செய்தது யார்?

அவள்தான்.

மறுநாள் அவள் படியேறும்போதே கோபி வாசலில் நின்றிருந்தான். பக்கத்தில் அவனுடைய அப்பா மனோகரன். பாடியில் உள்ள தொழிற்சாலையில் வேலை முடிந்து, சட்டையில் எண்ணெய்க் கறையோடு நேராக வந்திருந்தார்.

"வந்துட்டா பாரு, போட்டுக் குடுக்குறவ" என்று கோபி முணுமுணுத்தான்.

கோமளாவுக்கு மறுபடி சந்தேகம். ஒருவேளை தான் நினைத்தது தப்பாக இருந்தால்? எல்லோரும் சிரிப்பார்களே? கால் பின்னுக்கு இழுத்தது. ஆனாலும் உள்ளே போனாள்.

"மிஸ், கீபோர்டு கெடலைன்னு நினைக்கிறேன். ஒரு தடவை பார்க்கலாமா?"

மிஸ் துணியை எடுத்துவிட்டுத் திரையை ஆன் செய்தார். கோமளா ஆல்ட், ஷிஃப்ட் இரண்டையும் சேர்த்து அமுக்கி, கீபோர்டை ஆங்கிலத்துக்கு மாற்றினாள். ஆட்டத்தைத் திறந்து, கண்ணை மூடிக்கொண்டு Z-ஐத் தொட்டாள்.

டொய்ங்!

"தாவுது! நைனா, தாவுது பாரு!" கோபியின் குரல் மாடியே அதிரக் கேட்டது.

கோமளா கண்ணைத் திறந்தாள். அணில் அடுத்த கூரையில் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"தப்பு என்னோடது மிஸ். நான்தான் தமிழ்லயே விட்டுட்டு எழுந்துட்டேன். கோபி எதையும் உடைக்கல."

மிஸ் நெற்றியில் தட்டிக்கொண்டார். "டைப்பிங் சொல்லிக் கொடுக்கிற எனக்கே தோணலையே! சாரிடா கோபி. கேம் உண்டு. ஆனா மெதுவா தட்டணும்."

மனோகரன் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப கம்ப்ளெயின்ட் இல்லியா?"

"இல்லைங்க."

"அந்த அணிலு எங்க கீது? நானும் ஒரு தபா ஆடிப் பாக்குறேன்."

உட்கார்ந்தார். அணில் முதல் கூரையிலேயே பொத்தென்று விழுந்தது.

"இன்னா நைனா, மானத்தை வாங்குறியே!" என்று கோபி தலையில் கை வைத்துக்கொண்டான்.

அன்று அவனே ஆடி, காக்கைப் படையை ஓட ஓட விரட்டி, எல்லாரையும் முந்தினான். பெயர் கேட்டதும் கோமளா பக்கம் திரும்பினான்.

"கோமளா, கொஞ்சம் தமிழுக்கு மாத்து."

"எதுக்கு?"

"மாத்தேன், சொல்றேன்."

மாற்றினாள். பட்டியலின் உச்சியில் ஏறி உட்கார்ந்தது புதிய பெயர்: எடண.

ஜூலை 9, புதன்.

கோபி என்னிடம் பேசிவிட்டான். காக்கைத் தலைவனைத் தாண்டவும் சொல்லித் தருகிறானாம். ஆனால் அவன் பெயர் போட்டபின் கீபோர்டை மாற்றினேனா என்று நினைவில்லை.

நாளைய வேலை: முதல் ஆளாகப் போய், ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும்.