சாமக் கிணறு படப்பெட்டி

'அந்தப் படப்பெட்டி மலையை விட்டு இறங்கவே இல்லை' என்று தாவூதின் யூடியூப் சேனலில் யாரோ எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் மூன்று பேர் அட்டை கடிக்காமலிருக்கக் காலில் புகையிலைத் தூளைத் தேய்த்துக்கொண்டு மலைக்காட்டுக்குள் நுழைந்தார்கள்.

தாவூதுக்குத் திண்டுக்கல்லில் செல்போன் கடை. கடையைவிட அவனுக்குப் பேய்ப்படம்தான் பெரிது. யாரும் பார்க்காத, பார்த்தாலும் வெளியில் சொல்லாத மட்டமான பேய்ப்படங்களைத் தேடிப் பிடித்து மணிக்கணக்கில் பேசுவான். அவன் கூட்டாளி எபினேசர் பழைய ஃபிலிம்களைச் சுத்தம் செய்யக் கற்றவன். மூன்றாவது ஆள் கோமளா. பேய்ப்படம் என்றாலே அவளுக்கு ஆகாது. அவள் வந்தது அம்மாவுக்காக.

அம்மாதான் 'சாமக் கிணறு' படத்தின் கதாநாயகி பத்மகுமாரி. படம் வந்து நாற்பது வருடம் ஆகிறது. பிரதி எங்குமே இல்லை. கொட்டகையில் யாரோ திருட்டுத்தனமாக வீடியோ எடுத்த ஒரு குளியல் காட்சி மட்டும் இணையத்தில் சுற்றுகிறது. முதுகு தெரியும், முகம் தெரியாது. கீழே பத்மகுமாரி என்று பெயர் போட்டிருப்பார்கள். அதில் இருப்பது தான் இல்லை என்று சொல்லிச் சொல்லியே அம்மா ஓய்ந்துபோனார். போன வருடம் அலுவலகத்தில் ஒருவன் அதைக் கோமளாவிடமே காட்டிப் பல்லைக் காட்டினான். வீட்டுக்கு வந்தவள் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள்.

"நெசமாவே அது நீ இல்லையாம்மா?"

அன்றிலிருந்து அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தட்டில் சோறு வைப்பார், அவ்வளவுதான். ஒரே வீட்டில் அப்படி வாழ்வது எவ்வளவு கொடுமை என்பது கோமளாவுக்குத்தான் தெரியும்.

தாவூதும் லேசுப்பட்டவன் இல்லை. அந்தக் காட்சியில் மட்டும் படம் திடீரென்று செக்கச்செவேல் என்று ஆகும். வரப்போகும் கொலையை இயக்குநர் நிறத்தாலேயே சொல்கிறார், என்னே மேதைமை என்று அவன் அரை மணி நேரம் அளந்துவிட்டிருந்தான். அதற்கு ஒரு கூட்டமே ஆமாம் போட்டது. கோமளா தான் யார் என்று சொல்லி அவனைத் திட்டி எழுதினாள். மறுநாளே வீடியோவை நீக்கிவிட்டுப் போன் செய்தான். அசல் பிரதி கிடைத்தால் உண்மை தெரிந்துவிடும் என்றான். பெட்டி மலையில் இருப்பதாகச் சொன்னவர் அங்கே தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவராம். எஸ்டேட் கொட்டகையில் 'சாமக் கிணறு' ஓடிய வாரம் மண் சரிந்து பாதை அறுந்தது, எஸ்டேட்டையும் மூடிவிட்டார்கள்.

வழியெல்லாம் தேயிலைச் செடிகள் மரமாகி நின்றன. ஓரிடத்தில் யானைச் சாணம் ஆவி பறக்கக் கிடந்தது. பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பாறை மறைவில் பதுங்கினார்கள். கிளை முறியும் சத்தம் மெல்லத் தூரமாகப் போன பிறகுதான் மூவருக்கும் மூச்சு வந்தது.

கொட்டகைக்குக் கூரை பாதிதான் இருந்தது. உள்ளே போனதும் புளித்த காடி நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஃபிலிம் கெட்டால் அப்படித்தான் நாறும் என்று எபினேசர் கவலையோடு சொன்னான். நாற்றம் மாடியிலிருந்த ஆபரேட்டர் ரூமிலிருந்து வந்தது. படம் காட்டும் ஓட்டையில் பானை அளவுக்குக் கதண்டுக் குளவிக் கூடு! புகை போடலாம் என்றான் தாவூத். சூடு பட்டால் இருக்கிற ஃபிலிமும் போய்விடும் என்று எபினேசர் தடுத்தான். பலகைத் தரையோ இற்றுப்போய்க் கிடந்தது. மூவரில் எடை குறைந்தவள் கோமளாதான். இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, சுவரோரமாகத் தவழ்ந்து போனாள். தலைக்கு மேலே கதண்டுகள் ரீங்கரித்தன. ஒரு பலகை முறிந்து கால் தொங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு காலை இழுத்துக்கொண்டாள். துருப்பிடித்த டப்பாக்களை ஒவ்வொன்றாக வாசலுக்குத் தள்ளினாள். கடைசி டப்பா உரசிய சத்தத்தில் கூடு கலைந்தது. கயிற்றை இழுத்த தாவூதின் கழுத்தில் கதண்டு கொட்டிவிட, அவன் கத்தக்கூட முடியாமல் அவளை இழுத்துக்கொண்டு படியில் உருண்டான்.

பெரும்பாலான டப்பாக்களில் ஃபிலிம் கட்டியாகிவிட்டிருந்தது. பிரிக்க முடிந்தது ஒன்றே ஒன்று. எபினேசர் கையுறை போட்டு, ஃபிலிமை வானத்து வெளிச்சத்தில் பிடித்து மெதுவாக ஓட்டினான். பச்சையும் நீலமுமாக வந்த படம் ஓரிடத்தில் சட்டென்று சிவந்தது. அந்த இடத்தில் தடிப்பாக ஒரு ஒட்டு. சிவப்பு முடியும் இடத்தில் இன்னொரு ஒட்டு.

"அக்கா, இது பிட்டு," என்றான் எபினேசர். "வேற ஏதோ பழைய படத்துலருந்து வெட்டி ஒட்டியிருக்காங்க. அப்பவே வெளுத்துச் செவந்துபோன ஃபிலிம்."

கூட்டம் சேராத படத்தில் அப்படி ஒரு துண்டைச் செருகி ஓட்டுவது அந்தக் காலத்துக் கொட்டகை வழக்கம். பெட்டி ஊர் ஊராகப் போனபோது துண்டும் கூடவே போயிருக்கிறது. இரண்டாவது ஒட்டுக்கு முன்னால் நாலே நாலு கட்டங்களில் அந்தப் பெண் திரும்பியிருந்தாள். ஓடும்போது கண்ணுக்கே படாத நாலு கட்டம். அது பத்மகுமாரி இல்லை.

தாவூத் வீங்கிய கழுத்தோடு தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். இயக்குநரின் மேதைமை சாயம் போன ஃபிலிமாகிவிட்டது. பட்டத்து ராஜா மாதிரி பேசிய பேச்செல்லாம் நினைவுக்கு வந்து அவனைக் கூச வைத்தது. கோமளாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது.

திரும்பும்போது மழை பிடித்து ஓடை பெருகிவிட்டது. துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டால் சுலபம் என்றான் எபினேசர். கோமளா விடவில்லை. ஒட்டுதானே சாட்சி, டப்பாவோடுதான் வரும் என்றாள். தாவூத் அதைத் தலையில் சுமந்தான். நடு ஓடையில் வழுக்கியபோதும் பிடித்து நடந்த கயிற்றைத்தான் விட்டான், டப்பாவை விடவில்லை. மற்ற இருவரும் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கரையேற்றினார்கள்.

மறுநாள் கோமளா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஃபிலிமை விரித்து, அடியில் விளக்கை வைத்தார்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு ஒட்டுகளையும் பார்த்தார், நாலு கட்டங்களையும் பார்த்தார். கோமளாவால் அடக்க முடியவில்லை.

"நீ இல்லம்மா. ஊருக்கே காட்டிடலாம்."

"நான் சொன்னப்ப நம்பல," என்றார் அம்மா. "ஃபிலிம் சொன்னா நம்புற."

கோமளா தப்புதான் என்றாள். அம்மா மறுபடியும் ஃபிலிம் மேல் குனிந்தார். அந்தச் சிவந்த சின்ன முகத்தை வெகுநேரம் பார்த்தார். காட்சியின் ஒவ்வொரு நொடியையும் அலசி ஆராய்ந்த தாவூதை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"பத்மகுமாரி இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. சரி தம்பி, இந்தப் புள்ள யாரு?"

மலையிலிருந்து வீடு வரும்வரை மூவரில் ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றியிருக்கவில்லை. அம்மா நகர்ந்து தன் பெஞ்சில் கோமளாவுக்கு இடம் விட்டார்.

"பதினெட்டு வயசுகூட இருக்காது போலடி," என்றார்.