காலி லிஃப்டின் எடை

திரையின் நான்காவது வரியில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண் ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே மழை பிடித்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். லிஃப்ட் கம்பெனியின் ஆறாவது மாடிச் சோதனைக்கூடத்தில் கிரீஸ் வாடையும், சூடேறிய பிளாஸ்டிக் வாடையும், மூலையில் சொட்டிக்கொண்டிருந்த குடையின் ஈர வாடையும் ஒன்றாய்க் கலந்து தேங்கி நின்றன. சுவருக்கு அந்தப்புறம் சோதனை லிஃப்ட் ஏறி இறங்கும்போதெல்லாம் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலுக்குள் சின்னச் சின்ன வளையங்கள் விரிந்து அடங்கின. அவன் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தான். எண் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

புது லிஃப்டை இயக்கும் சிப்புக்குள் நான்கு கோர்கள். நான்கு மூளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றிலும் கவுண்டர்கள் உண்டு. எத்தனை கட்டளை ஓடியது, எத்தனை தடவை நினைவகத்தைத் தொட்டது என்று அவை சத்தம் போடாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். அந்த எண்ணிக்கையைக் கெர்னல், அதாவது சிப்பை மேய்க்கும் அடிப்படைப் புரோகிராம், எடுத்துப் படிக்கும்படி செய்வதுதான் மூன்று வாரமாக அவன் வேலை. தூக்கத்தில் எழுப்பினாலும் கெர்னல், கெர்னல் என்று புலம்புகிறவன் என்பதால் ஆபீஸில் அவனுக்குக் கர்னல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. துப்பாக்கியைத் தொட்டே பார்க்காத கர்னல்.

முதல் மூன்று கோர்களும் வேலையில் இருந்தன. நான்காவதை, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க, அடியோடு அணைத்து வைத்திருந்தார்கள். அணைந்த கோர் எதை எண்ணும்?

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று நம்பினான். நம்ப விரும்பினான். பக்கத்துக் கோரின் கவுண்டரைப் படித்துத் தொலைக்கிறோமோ, பழைய எண்ணைத் துடைக்காமல் விட்டோமோ என்று தான் எழுதியதை வரி வரியாகத் துழாவினான். ஒன்றும் அகப்படவில்லை. சிப் பொருத்திய போர்டை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி போட்டான். பூஜ்யம். பூஜ்யம். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தான். எண் ஓடத் தொடங்கியது.

அந்த நேரம் பார்த்து லிஃப்ட் கதவு திறந்தது. எண் திடீரென்று வேகம் பிடித்தது. ஓட்டம் என்றால் வெறி ஓட்டம். கதவு மூடியதும் தளர்ந்து, பழைய நடைக்கு வந்தது.

லிஃப்டிலிருந்து இறங்கியவன் மெக்கானிக். எந்நேரமும் பாக்கெட்டில் நட்டும் போல்ட்டும் குலுங்கும் என்பதால் போல்ட்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன கர்னல் சார், போரா சமாதானமா?" என்று விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான்.

"திரும்ப அதுல கொஞ்சம் ஏறி நில்லுப்பா."

போல்ட்டு ஏறி நின்றான். எண் பறந்தது. பிறகு, ஆசையாகக் கதவைத் திறந்து வேண்டாத விருந்தாளியைப் பார்த்த மாதிரி, சோர்ந்து போனது.

கர்னலின் கழுத்துக்குப் பின்னால் ஏதோ ஊர்ந்தது. கை வைத்துப் பார்த்தான். வியர்வை.

அந்தக் கோர் எந்த இடத்தில் சுற்றுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருந்தது. பத்தாயிரம் எண்ணியதும் கவுண்டர் ஒரு தடவை கையைத் தூக்கும். அந்தக் கணத்தில் கோர் எங்கே நிற்கிறதோ அந்த முகவரியைக் கெர்னல் குறித்துக்கொள்ளும். அப்படியே அமைத்தான். முகவரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து விழுந்தன. எல்லாம் ஒரே இடம். யாரும் எந்தப் புரோகிராமும் ஏற்றாத இடம். மொத்தம் ஏழே ஏழு கட்டளைகள்.

"என்ன சார் எழுதியிருக்கு?" போல்ட்டு அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"லிஃப்ட் தரையில எவ்வளவு எடை இருக்குன்னு படிக்குது. ஒரு எண்ணோட ஒப்பிட்டுப் பாக்குது. பொருந்தலன்னா மறுபடி முதல்லருந்து. அவ்வளவுதான்."

"பொருந்திட்டா?"

"சுத்தறத நிறுத்திட்டு வெளிய வந்துரும். வெளிய வந்து எங்க போகும்னு இதுல இல்ல."

"அப்போ யாருக்காகவோ காத்துக்கிட்டு இருக்குன்னு சொல்லுங்க."

அந்த வார்த்தை வாயில் வந்துவிடக் கூடாது என்றுதான் கர்னல் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தான்.

"எடை எவ்வளவு சார்?"

"எழுபத்தொண்ணு புள்ளி நாலு."

சோதனைக்கான எடைக்கற்களை நிறுக்கும் மிஷின் ஓரமாகக் கிடந்தது. போல்ட்டு அதில் ஏறினான்: எண்பத்து மூன்று. "தப்பிச்சேன்டா சாமி! நீங்க வாங்க" என்று சிரித்துக்கொண்டே கர்னலின் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினான். சிவப்பு எண்கள் இரண்டு தடவை துடித்துவிட்டு நிலைத்தன.

71.4.

போல்ட்டின் சிரிப்பு பாதியில் அறுந்தது.

"தினமும் இந்த லிஃப்ட்லதானே ஏறி வர்றேன்?" குரல் கர்னலுக்கே அந்நியமாக இருந்தது. "இவ்வளவு நாள் ஏன் பொருந்தல?"

"பையோட வர்றீங்க சார். லேப்டாப்பு, சாப்பாடு, குடை. ஒருநாளாவது வெறுங்கைய வீசிக்கிட்டு ஏறியிருக்கீங்களா?" போல்ட்டு படிக்கட்டுப் பக்கம் திரும்பினான். "நான் மேல மோட்டார் ரூமுக்குப் போய் மெயினை இறக்கிடறேன். நீங்க அந்தக் கதவுப் பக்கமே போகாதீங்க."

அவன் படியேறும் சத்தம், நட்டும் போல்ட்டும் குலுங்கும் சத்தம், மெல்ல மெல்ல மேலே போய்க் கரைந்தது. மழை விட்டுவிட்டது என்பது அந்த அமைதியில்தான் கர்னலுக்குத் தெரிந்தது. ஜன்னல் வழியாக மஞ்சள் வெயில். எண் நடந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, கேட் கிட்ட நிக்கிறோம். அடுத்த மழைக்குள்ள வீடு போய்ச் சேரணும், சீக்கிரம் வாங்க. உங்க பொண்ணு ரெயின்கோட்டைக் கழட்ட மாட்டேங்கிறா."

"படியில இறங்கி வர்றேன். அஞ்சு நிமிஷம்."

"ஆறு மாடியா? லிஃப்ட் கம்பெனிக்காரருக்கே லிஃப்ட் இல்லையா?" சிரித்தாள். பிறகு நிறுத்திவிட்டு, "ஏன், குரல் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. வந்துட்டேன்."

வைத்ததும் உடனே போல்ட்டு கூப்பிட்டான். "மெயினை இறக்கியாச்சு சார். லிஃப்ட்டு இனி செத்த பாம்பு. நிம்மதியாக் கிளம்புங்க."

கர்னல் எழுந்தான். பாட்டிலில் தண்ணீர் அசையவில்லை. பையை எடுக்கக் கை நீட்டினான்.

ஒரு வளையம் விரிந்தது.

இன்னொன்று.

திரையில் நான்காவது வரி பறந்துகொண்டிருந்தது. கண் தொடர முடியாத வேகம்.   

லிஃப்ட் கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. எஃகுச் சுவர்கள். மங்கிய வெளிச்சம். கதவுக்கும் அவனுக்கும் நடுவே பத்தடி. அவன் நகரவே இல்லை. ஆனாலும் லிஃப்டின் தரை, யாரோ கால் வைத்து ஏறும்போது அமுங்குமே, அந்த மாதிரி ஒரு விரல்கடை அமுங்கியது. மேலே சின்னத் திரையில் எடை தெரிந்தது.

71.4.

திரையில் நான்காவது வரி, பூஜ்யமாகாமல், சும்மா நின்றுவிட்டது. கதவு மூடிக்கொண்டது. ஐந்து. நான்கு.

அவன் ஓடினான். படி. திருப்பம். படி. திருப்பம். எந்த மாடி என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் உறைத்தது. மூச்சு வாங்கவில்லை. கேட்க வேண்டிய இன்னொன்றும் கேட்கவில்லை. செருப்புச் சத்தம்.

கீழ்த்தளத்தில் கூடத்தைத் துடைக்கும் அம்மாள் குனிந்தபடி ஈரத்துணியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, லிஃப்ட்லருந்து யாராவது வந்தாங்களா?"

அவள் நிமிரவில்லை. "துடைக்கத் துடைக்க மிதிச்சிட்டுப் போறாரு மனுஷன்" என்று தனக்குள் முனகினாள்.

லிஃப்ட் வாசலிலிருந்து வெளிக்கதவு வரை ஈரத்தில் தடங்கள். வலது கால் சற்றே வெளிப்பக்கம் திரும்பிய தடம். கல்யாணமான நாளிலிருந்து மனைவி கேலி செய்யும் அவனுடைய நடை. அவன் குறுக்கே ஓடிவந்த பக்கம் தரை பளபளவென்று கிடந்தது. ஒரு கறை இல்லை.

வெளியே பாய்ந்தான். முற்றத்துச் சேற்றில் தடங்கள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே போயின. அவசரமில்லாமல். கேட்டை நோக்கி.

கத்தினான். மனைவி பெயரை. மகள் பெயரை. வாய் வலிக்கக் கத்தினான்.

ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள். அவனை அல்ல. தனக்கு முன்னால் இருந்த வெற்றிடத்தை. முகம் மலர்ந்தது.

"வந்துட்டீங்களா? போன்ல பேசினப்போ பயந்தே போயிட்டேன்."

பதிலைக் கேட்டது போல ஒரு கணம் தலை சாய்த்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்.

வண்டியின் பின்பக்கம் ஒரு விரல்கடை அமுங்கியது. நடுவில் இருந்த மகள் சுகமாகப் பின்னால் சாய்ந்துகொண்டாள். விழவில்லை. வண்டி தெருவில் இறங்கித் திரும்பியபோது, அவளுடைய மஞ்சள் ரெயின்கோட்டுத் தொப்பியின் உச்சி, யாரோ மோவாயை வைத்து அழுத்தியதுபோல், மெல்லத் தட்டையானது.