முப்பத்தொன்பது கோலங்கள்

டெலிபோன் அலறியது!

இன்ஸ்பெக்டர் ஜெயக்கொடி டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ரிஸீவரை எடுத்தாள்.

"மேடம்... பட்டாளத் திட்டு வாட்ச்மேன் சின்னப்பன் பேசறேன்... பி பிளாக்ல ஒரு பொணம் கீது மேடம்!"

பட்டாளத் திட்டு.

முடிச்சூர் தாண்டி, ஏரி நடுவே ஒரு தீவு. இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரப் பட்டாளம் குண்டுகளை அடுக்கி வைத்த இடம். அப்புறம் அறுபது வருஷம் நாணலும் பாம்பும்தான். இப்போது, 2008-ல், கரையிலிருந்து ரோடு போட்டு 'லேக் ஐலண்ட் சிட்டி' ஆக்கிவிட்டார்கள். பாம்புகளுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை!

இருபதாவது நிமிஷம் ஜீப் அங்கே நின்றது.

பதினேழாம் நம்பர் ஃபிளாட். வருகிறவர்களுக்குக் காட்டும் மாதிரி வீடு. ஹாலில் குப்புறக் கிடந்தான் துரை, ஃபிளாட் விற்கும் மானேஜர். பின்மண்டையில் ரத்தம் உறைந்திருந்தது.

பக்கத்தில் ஒரு பித்தளைக் கூடு. அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த பழைய பீரங்கிக் குண்டினுடையது. தேய்த்துப் பளபளப்பாக்கி, பூ ஜாடியாக வைத்திருந்தார்கள்.

"நேத்து ராத்திரியே முடிஞ்சிருக்கு. இங்க யார் யார் குடியிருக்காங்க?"

"மொத்தம் நாப்பது வூடு. இருக்கறது ஒர்த்தர்தான் மேடம். முப்பத்திரண்டாம் நம்பர். பட்டாபிராமன் சார். ரயில்வே ரிடையர்டு. சம்சாரம் இல்ல."

"நாப்பது வீட்ல ஒருத்தரா? வாசலுக்கு வாசல் கோலம் இருக்கே!"

சின்னப்பன் தலையைச் சொறிந்தான்.

"அது... வீடு பார்க்க வர்ற பார்ட்டிங்களுக்காக மேடம். ஜனம் குடி வந்துட்ச்சுன்னு நம்பணும்ல? துரை சார் ஐடியா. சாயங்காலமானா நான் எல்லா வூட்லயும் லைட் போட்டு வைப்பேன். காலைல ஆறு மணிக்கு கங்கம்மா நாப்பது வாசல்லயும் கோலம் போட்டுடும்."

ஜெயக்கொடி மாடி மாடியாக ஏறி எண்ணினாள்.

முப்பத்தொன்பது!

விட்டுப்போனது பதினேழாம் நம்பர் வாசல்.

"கூப்பிடு கங்கம்மாவை!"

வந்தாள். ஐம்பது வயசு. விரல் இடுக்கில் இன்னும் கோலமாவு.

"சின்னப்பன் பொணத்தைப் பார்த்தது ஒன்பது மணிக்கு. இது சாவு வீடுன்னு ஆறு மணிக்கே உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

கங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"கதவு தொறந்து கெடந்துச்சும்மா... எட்டிப் பார்த்தேன்... பயத்துல யாராண்டயும் சொல்லல. ஆனா எழவு வூட்டு வாசல்ல கோலம் போட கை வரலம்மா!"

"ஜீப்ல ஏறு. மீதியை ஸ்டேஷன்ல பேசிக்கலாம்!"

"ஐயோ, சத்தியமா நான் இல்லம்மா!"

"அவளை விடுங்கோ!"

படியில் பட்டாபிராமன் நின்றிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் மாற்றுத்துணியோடு ஒரு பை.

"நான்தான் அடிச்சேன்."

"நீங்களா... ஏன் சார்?"

"ஜனவரில குடி வந்தேன். தினம் புதுக் கோலம்... ஜன்னல் பூரா வெளிச்சம்... ஆனா ஒரு கதவும் திறக்கலை. இத்தனை குடும்பமும் என்னைத்தான் ஒதுக்கறதுன்னு நினைச்சுண்டேன். எட்டு மாசம் பெல் அடிச்சேன் மேடம்! கிருஷ்ண ஜெயந்திக்கு சீடைகூட எடுத்துண்டு போனேன்..."

அவர் குரல் உடைந்தது.

"நேத்து கங்கம்மாதான் மனசு கேக்காம சொன்னா, உள்ள யாருமே இல்லைன்னு. துரைகிட்ட போய்க் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சான்... கைல கிடைச்சதை எடுத்துட்டேன்."

"நான் வாயை மூடிகினு இருந்திருக்கலாமே சார்!" கங்கம்மா அழுதாள்.

"அழாதே. இந்தத் தீவுல 'சாப்ட்டியா'ன்னு என்னைக் கேட்ட ஒரே ஜீவன் நீ. உன்னை எப்படி அனுப்புவேன்?"

ஜீப் கிளம்பியது. பாதி ரோட்டில் அவர் மெல்லக் கேட்டார்.

"மேடம்... லாக்கப்ல இப்ப எத்தனை பேர்?"

"நாலு பேர். ரெண்டு பிக்பாக்கெட், ஒரு செயின் திருடன், ஒரு குடிகாரன். ஏன்?"

பட்டாபிராமன் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார்.

"பேஷ்! அவாளாவது நிஜமாவே குடியிருக்காளே!"