அப்பா தூக்காத விரல்

மார்னியின் ஊர்ப்பக்கம் ஒரு பழக்கம் உண்டு. சரளை ரோட்டில் எதிரே வண்டி வந்தால், ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே ஒரே ஒரு விரலைத் தூக்க வேண்டும். அதுதான் வணக்கம். கையை முழுசாக ஆட்டினால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். விரலே தூக்காவிட்டால் ஏதோ சண்டை என்று அர்த்தம்.

மார்னியின் அப்பா ஆர்விட் ஒரு மாதமாகச் சரியாக விரல் தூக்குவதில்லை. பக்கத்துப் பண்ணை ஹார்லன், தன் மேல் அவருக்கு என்ன கோபம் என்று அம்மாவிடமே கேட்டுவிட்டார்.

கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. ஸ்டீயரிங் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயம். கோடையில் குதிரை தள்ளிவிட்டதில் அப்பாவின் வலது மணிக்கட்டு உடைந்துபோனது. உள்ளே தகடு வைத்து, மூன்று மாதம் கட்டோடு இருந்தார். கட்டைப் பிரித்த டாக்டர், கை நன்றாகக் கூடிவிட்டது என்றுதான் சொன்னார். ஆனால் பழைய பிக்கப் வண்டியில் ஏறினால் தெரிந்துவிடும். ஸ்டீயரிங்கை நூலளவு அசைத்தால் வண்டி முழம் தூரம் பாய்ந்தது. இழுத்து நேராக்கினால் அந்தப் பக்கம் ஓடியது.

வண்டி இல்லாமல் முடியாது. பண்ணைக் கிணறு வற்றி இரண்டு வருடம் ஆகிறது. மாடுகளுக்கும் மனிதர்களுக்கும் டவுன் குழாயிலிருந்துதான், பிக்கப்பின் திறந்த பின்தட்டில் வைத்த தொட்டியில், தண்ணீர் வரவேண்டும். போக பதினெட்டு மைல், வர பதினெட்டு மைல்.

வியாழக்கிழமை தொட்டி நிறையத் தண்ணீரோடு வரும்போது, வளைவில் வண்டி விலகிப் பள்ளத்தின் விளிம்பில் போய் நின்றது. மார்னி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அப்பா எஞ்சினை அணைத்தார். வலது கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தக் கை போச்சு, மார்னி," என்றார். "உன்னையும் சேத்துக் கவுத்திருப்பேன்."

அன்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் அப்பா முடிவைச் சொன்னார். மாடுகளை விற்றுவிடலாம். திங்கட்கிழமை ஓர் ஆள் வந்து பார்ப்பார். அப்புறம் நகரத்தில் அத்தை வீட்டுப் பக்கம் போய்விடலாம்.

மெதுவாக ஓட்டினால் போதாதா, அவர் கட்டோடு இருந்த மூன்று மாதமும் தான் அப்படித்தானே ஓட்டியது என்று அம்மா ஜோலீன் கேட்டுப் பார்த்தாள்.

"போகும்போது சரியாத்தான் இருக்கு. திரும்பும்போதுதான் கை சோர்ந்துடுது," என்றார் அப்பா. "பாதி வழியில சோர்ந்துபோற கைய வெச்சுக்கிட்டு பண்ணை நடத்த முடியுமா?"

மார்னி கொட்டகைக்குப் போய், தன் கன்றுக்குட்டி பிஸ்கட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிஸ்கட் அவள் சட்டைக் கையைச் சப்பியது. அதற்கு என்ன தெரியும், பாவம்.

சனிக்கிழமை மறுபடி தண்ணீர் தீர்ந்தது. மார்னி வரக்கூடாது என்றார் அப்பா. ஆனால் டவுன் குழாயின் வால்வு முரட்டு வால்வு, இரண்டு கையாலும் திருக வேண்டும்; தகடு வைத்த மணிக்கட்டு அப்படித் திரும்பாது. வேறு வழியில்லாமல் கூட்டிப்போனார்.

அங்கே போனால் குழாய் உடைந்து கிடந்தது. ஆட்கள் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. அவரும் மண்வெட்டி எடுத்தார். மூன்று மணி நேரம் தோண்டியும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. காலித் தொட்டியோடு திரும்பினார்கள். மார்னிக்கு உலகமே தங்களுக்கு எதிராக நிற்பதுபோல இருந்தது.

வழியில் எதிரே ஹார்லனின் வண்டி வந்தது. அப்பாவின் விரல் தானாக எழும்பியது.

மார்னி அதையே பார்த்தாள்.

"அப்பா, விரலத் தூக்கினீங்க."

"அதுக்கென்ன?"

"திரும்பும்போது கை சோர்ந்துடும்னு சொன்னீங்க. இன்னிக்கு மூணு மணி நேரம் மண்ணு வெட்டியிருக்கீங்க. ஆனா வண்டி நேராப் போகுது."

அப்பா விரலை மறுபடி ஸ்டீயரிங்கில் இறக்கிக்கொண்டார். பிறகு, "காலி வண்டிய யார் வேணா ஓட்டலாம்," என்றார். "தண்ணி ஏறினா கனம். கனத்தத் தாங்க இந்தக் கையில தெம்பில்ல. விடு."

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடாமல் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்னி விடவில்லை. போன வருடமும் இதே வண்டி, இதே தண்ணீர். அப்போது ஒரு கையாலேயே ஓட்டுவாரே. அப்படியானால் எது மாறியது? வண்டியை மூன்று தடவை சுற்றி வந்தாள். தொட்டி வண்டியின் வால் ஓரத்தில் உட்கார்ந்திருந்தது. முன்பு ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் அல்லவா இருந்தது?

"நான்தான் பின்னுக்கு இழுத்தேன்," என்றாள் அம்மா. "உங்கப்பா மாதிரி டவுன் குழாய ஒட்டி நிறுத்த எனக்கு வரல, ரப்பர் குழாய் எட்டல. ஏன்?"

குழாயடியில் தொட்டி நிறைய நிறைய வண்டியின் மூக்கு மேலே எழும்பியதை மார்னி பார்த்திருக்கிறாள். "பின்னாடி கனம் போனா முன்னாடி தூக்கிக்குதும்மா. முன் சக்கரம் ரோட்டச் சரியாப் பிடிக்கல. கை இல்லம்மா, தொட்டி."

அம்மா வாயில் கை வைத்தாள். அப்பாவின் கை உடைவதற்கு முன் அவள் அந்த வண்டியை ஓட்டியதே இல்லை. "வண்டியோட குணமே இதுதான்னு நெனச்சேன். உங்கப்பா குணத்தோட குடும்பம் நடத்தறவளுக்கு இதெல்லாம் ஒரு குறையா?"

தொட்டி இடம் மாறியதை அப்பாவும் பார்த்திருப்பார். ஆனால் இந்த ஒரு மாதமாக அவர் தன் கையைத் தவிர வேறு எதையும் கவனிக்கவில்லை.

இருவரும் காலித் தொட்டியைத் தம் பிடித்து முன்னால் தள்ளி வாரால் கட்டினார்கள். கன்றுக் கொட்டகையில் இருந்த ரப்பர் குழாயைப் பழைய ரப்பர் குழாயோடு இணைத்து நீளமாக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை தாகத்தில் மாடுகள் கத்தின. ஜோலீனே ஓட்டட்டும் என்றார் அப்பா. ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், தொட்டியை நகர்த்தியிருக்கிறோம் என்று மார்னி வண்டிக்குள் உட்கார்ந்தபடி கெஞ்சினாள்.

"அப்ப நீ இறங்கு," என்றார் அப்பா, சாவியை எடுத்தபடி.

மார்னி பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். "இறங்க மாட்டேன். உங்க கை மேல எனக்குப் பயமில்ல."

குழாய் சரியாகியிருந்தது. தொட்டி நிரம்பியது. இந்த முறை மூக்கு எழும்பவில்லை. வளைவு வந்தபோது அப்பாவின் கைகள் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்தன. வண்டி திரும்பியது. எவ்வளவு திருப்பினாரோ அவ்வளவே திரும்பியது.

அப்பாவின் தோள் மெல்லத் தளர்ந்தது. இடது கையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வண்டி அப்போதும் நேராகவே போனது.

எதிரே ஹார்லன் வந்தார். தகடு வைத்த கையிலிருந்து ஒரு விரல் எழும்பியது. ஹார்லனுக்கு வந்த ஆச்சரியத்தில், அவர் வெளியூர்க்காரர் மாதிரி கை முழுவதையும் ஆட்டிவிட்டார்.

"திங்கட்கிழமை அந்த ஆள் வந்தா," என்றார் அப்பா, "ஒரு காபி குடுத்து அனுப்பிடலாம்."